என்ஜினுக்கு ஆகாத தண்ணீர்

2014 அக்டோபர் 13 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து பிளின்ட் நகரில் உள்ள தன் என்ஜின் ஆலைக்கு இனி நகராட்சித் தண்ணீர் வேண்டாம் என்பதே அதன் சாரம். தண்ணீரில் குளோரைடு மிகுதியாக இருக்கிறது, உதிரிப் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று காரணமும் சொன்னது. நகர எல்லையை ஒட்டியிருக்கும் பிளின்ட் டவுன்ஷிப் என்ற தனி உள்ளாட்சியின் குழாயிலிருந்து இணைப்பு பெற ஏற்பாடாயிற்று. நகராட்சிக்கு ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் டாலர் வருமானம் போயிற்று.

அதே தண்ணீரைத்தான் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் குடித்தார்கள், அதில் சமைத்தார்கள், குழந்தைகளுக்குப் பால்மாவு கரைத்தார்கள். அவர்களின் குழாயில் தண்ணீர் மாற 2015 அக்டோபர் 16 வரை ஆயிற்று. ஆலை விலகுவதாகச் சொன்ன நாளுக்கும் ஊர் விலகிய நாளுக்கும் இடையில் ஓர் ஆண்டும் மூன்று நாளும்.

பணத்தை மிச்சம் பிடிக்க 2014இல் ஆற்றுத் தண்ணீருக்கு மாறிய நகரில், குழாயின் காரீயம் குடிநீரில் கலந்ததுதான் பிளின்ட் விவகாரம். அதைச் சிக்கனம் பார்த்த அதிகாரிகளின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். அது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. அந்த ஊரின் குழாய் எத்தனை பருமனாக இருந்தது, அதில் தண்ணீர் எத்தனை நாள் தேங்கி நின்றது, எல்லைக்கு அப்பால் வேறொரு குழாய் ஏன் தயாராக இருந்தது என்று ஒவ்வொன்றாகத் தோண்டினால் அடியில் கார் ஆலைகள் தட்டுப்படுகின்றன.

வண்டிக்கார ஊர்

பிளின்ட் ஆற்றங்கரையில் முதலில் விலங்குகளின் ரோமத்தோல் வணிகம் நடந்தது, பிறகு மரம் அறுத்தார்கள், அந்த மரத்தில் குதிரை வண்டி செய்தார்கள். வண்டி செய்து பணம் பார்த்த வில்லியம் டூரன்ட் 1908இல் ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கினார். 1900இல் 13 ஆயிரம் பேர் இருந்த ஊரில் 1930இல் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். முப்பது ஆண்டில் பன்னிரண்டு மடங்கு. இந்த வேகத்தில் வளரும் ஊரில் எந்த நகராட்சியும் யோசித்துக் குழாய் போடுவதில்லை. கையில் கிடைத்த விதியை வைத்துக்கொண்டு போட்டுக்கொண்டே போகிறது.

பிளின்ட்டின் கையில் இருந்தது 1897இல் எழுதிய ஒரு விதி. தெருவில் ஓடும் பெருங்குழாயிலிருந்து எடுக்கும் இணைப்புகளெல்லாம் காரீயக் குழாயாகவே இருக்க வேண்டும் என்றது அது. (ஈயம் என்று மட்டும் சொன்னால் தமிழில் குழப்பம் வரும். நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். இங்கே பேசுவது காரீயத்தை. பிளம்பர் என்று நாம் கூப்பிடும் தொழிலாளியின் பெயரே காரீயத்தின் லத்தீன் பெயரான பிளம்பம் என்பதிலிருந்து வந்ததுதான்.) காரீயக் குழாய் எளிதில் வளையும், மண் அமிழ்ந்தாலும் உடையாது, பல தலைமுறை உழைக்கும். அது நஞ்சு என்பதும் அப்போதே தெரியாததில்லை. 1920களில் பல அமெரிக்க நகரங்கள் அதைக் கைவிடத் தொடங்கியபோது, காரீய உற்பத்தியாளர்கள் 1928இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். நகராட்சிப் பொறியாளர்களிடமும் பிளம்பர் சங்கங்களிடமும் ஆள் அனுப்பி, கட்டட விதிகளில் காரீயக் குழாயின் இடத்தைக் காத்துக்கொண்டார்கள். புதிய காரீயக் குழாய்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட 1986 வரை ஆனது.

காரீயத்துக்கும் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. பெட்ரோலில் காரீயச் சேர்மம் கலந்தால் என்ஜின் தட்டாமல் ஓடும் என்று 1921 டிசம்பரில் கண்டறிந்தவர் அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் தாமஸ் மிட்ஜ்லி. இந்தக் கதைக்கு அது நேரடித் தொடர்பு இல்லாதது. ஆனாலும் அந்த நிறுவனம் பிறந்த ஊரைப் பற்றி எழுதும்போது தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரோடு தொடர்புள்ள பெருமை ஒன்றும் உண்டு. 1936 டிசம்பர் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 1937 ஜனவரி 11 அன்று நிர்வாகம் ஓர் ஆலையின் வெப்பமூட்டியை நிறுத்தியது, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. உள்ளே இருந்தவர்கள் தீயணைப்புக் குழாயைத் திருப்பி, உறைபனிக் குளிரில் போலீஸ்காரர்களை நனைத்து விரட்டினார்கள். 44 நாள் நீடித்த அந்தப் போராட்டம் தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம் வாங்கித் தந்தது. நல்ல கூலி வந்தது, வீடுகள் எழுந்தன, ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பு போயிற்று.

ஆற்றை விட்டது ஏன்

1967 வரை நகரம் குடித்தது பிளின்ட் ஆற்றுத் தண்ணீரைத்தான். ஆலைகள் குடித்ததும் அதையேதான், அவை கழிவை விட்டதும் அதிலேதான். ஊரின் சாக்கடையும் அங்கே போய்ச் சேர்ந்தது. 1954இல் புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள், ஆற்றின் மேற்பகுதியில் நீர்த்தேக்கமும் அமைத்தார்கள். ஆனாலும் இரண்டு லட்சம் மக்களுக்கும் பெருகிக்கொண்டே போகும் ஆலைகளுக்கும் இந்தச் சிறிய ஆறு தாங்காது என்ற கவலை ஓயவில்லை. ஹியூரான் ஏரியிலிருந்து சொந்தமாகக் குழாய் பதிக்கும் திட்டம் 1960களின் தொடக்கத்தில் எழுந்தது. குழாய் போகும் நிலத்தை வைத்துச் சிலர் லாபம் பார்க்க முயன்ற ஊழல் வெளியானதும் அது கைவிடப்பட்டது. டெட்ராய்ட் நகரத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1967இல் சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் டெட்ராய்ட்டின் நீர் அமைப்பிலிருந்து ஹியூரான் ஏரித் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு வந்தது. பிளின்ட்டின் சொந்த நிலையம் அவசரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவைக்கப்பட்டது.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றை நான் இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெனரல் மோட்டார்ஸ் புதிய ஆலைகளை நகர எல்லைக்கு வெளியே, புறநகர் டவுன்ஷிப்புகளில் கட்டத் தொடங்கியது. புறநகரைத் தன்னோடு இணைத்துக்கொண்டால் வரி வருமானம் வீடு வந்து சேரும் என்று நகரம் கணக்குப் போட்டது. 1958இல் ‘புதிய பிளின்ட்’ என்ற பெயரில், நகரத்தையும் சுற்றியுள்ள டவுன்ஷிப்புகளையும் ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவரும் திட்டம் முன்வைக்கப்பட்டது. புறநகர்கள் மறுத்துவிட்டன. ஆலைகளும் வெள்ளையர் குடும்பங்களும் எல்லைக்கு அப்பால், வயதான குழாய்களும் கறுப்பின மக்களும் இப்பால் என்று கோடு இறுகிப்போனது. 2014இல் என்ஜின் ஆலை நல்ல தண்ணீரைத் தேடிப் போய் இணைப்பு வாங்கியது அந்தக் கோட்டுக்கு அப்பாலிருந்துதான்.

பிறகு ஆலைகள் புறநகரையும் விட்டுப் போயின. 1970களின் இறுதியில் பிளின்ட் பகுதியில் சுமார் 80 ஆயிரம் பேர் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்தார்கள். இந்த நூற்றாண்டில் அந்த எண்ணிக்கை 10 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. ‘ப்யூக் சிட்டி’ என்ற பிரம்மாண்ட வளாகம் 1999இல் மூடப்பட்டது. 1960இல் 1,96,940 ஆக இருந்த மக்கள்தொகை 2010இல் 1,02,434 ஆனது.

மக்கள் போனாலும் குழாய் போகவில்லை. இரண்டு லட்சம் பேருக்கும் ஆலைகளுக்கும் என்று பதித்த குழாய் வலையில் பாதிப் பேருக்கான தண்ணீர் மட்டும் ஓடியது, ஓடியது என்பதைவிட நகர்ந்தது. தண்ணீர் குழாயில் தேங்கத் தேங்கக் குளோரின் வீரியம் இழக்கும், கிருமி பெருக இடம் கிடைக்கும். செலவோ அதே அளவு, பங்கு போட ஆட்கள் பாதி. ஆகவே கட்டணம் ஏறியது, நாட்டிலேயே மிக உயர்ந்த தண்ணீர்க் கட்டணங்களில் ஒன்றாக ஆனது. ஐந்தில் இருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழும் ஊரில்.

பொத்தான் அழுத்திய நாள்

கடனில் மூழ்கிய நகரத்துக்கு மாநில அரசு 2011இன் இறுதியில் அவசர நிர்வாகியை நியமித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் நகர்மன்றமும் அலங்காரத்துக்கு என்றாகிவிட்டது. இந்த முறைக்கு அடிப்படையான சட்டத்தை மிச்சிகன் வாக்காளர்கள் 2012 நவம்பரில் வாக்களித்து நீக்கினார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் ஏறக்குறைய அதே சட்டத்தை வேறு எண்ணில் நிறைவேற்றியது.

டெட்ராய்ட் தண்ணீர் விலை அதிகம் என்ற முனகல் பல ஆண்டுகளாக இருந்தது. மாவட்டமும் பிளின்ட்டும் சேர்ந்து கரெக்னான்டி நீர் ஆணையம் என்ற அமைப்பை உருவாக்கி, ஹியூரான் ஏரியிலிருந்து சொந்தக் குழாய் பதிக்க முடிவு செய்தன. கைவிட்ட 1960களின் கனவு மறுபடி. 2013இல் முடிவானது, குழாய் முடிய இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். டெட்ராய்ட் ஒப்பந்தம் ஓராண்டில் முடியும் என்று அங்கிருந்து நோட்டீஸ் வந்தது. இடைக்காலத்துக்கு என்ன செய்வது? மாவட்டத்தின் மற்றப் பகுதிகள் டெட்ராய்ட் தண்ணீரையே தொடர்ந்து வாங்கின. பிளின்ட் மட்டும், சில மில்லியன் டாலர் மிச்சப்படும் என்று, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகத் தூங்கிய சொந்த நிலையத்தை எழுப்பி ஆற்றுத் தண்ணீருக்குத் திரும்பியது. நிலையம் இன்னும் தயாராகவில்லை என்று அங்கிருந்த அலுவலர் ஒருவர் ஒரு வாரம் முன்பு மாநிலத் துறைக்கு எழுதியும் பயனில்லை. 2014 ஏப்ரல் 25 அன்று மேயர் பொத்தானை அழுத்தி டெட்ராய்ட் குழாயை மூடினார். எல்லோரும் ஆற்றுத் தண்ணீர்க் கோப்பையை உயர்த்திக் கொண்டாடினார்கள்.

இங்கே கொஞ்சம் வேதியியல் அவசியம். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிவு பூத்திருக்கும், தேய்த்தாலும் போகாது. காரீயக் குழாயின் உட்சுவரிலும் அப்படி ஒரு படலம் படிந்தால் உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே அது திரையாக நிற்கும். டெட்ராய்ட் தன் தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் என்ற பொருளைச் சிறிதளவு கலந்து அந்தத் திரையைப் பேணிவந்தது. பிளின்ட் அதைக் கலக்கவில்லை. கலந்தால் நாளொன்றுக்குச் சுமார் 100 டாலர் செலவாகியிருக்கும் என்று பின்னாளில் வல்லுநர்கள் கணக்குச் சொன்னார்கள். 50 ஆயிரம் பேருக்கு மேல் தண்ணீர் வழங்கும் நகரங்களுக்கு அரிப்புத் தடுப்பு கட்டாயம் என்று 1991இன் மத்திய விதி சொல்கிறது. மாநிலச் சுற்றுச்சூழல் துறையோ, ஆறு மாதம் வீதம் இரண்டு முறை சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று விதியைப் படித்தது. திரை கரைந்துகொண்டிருக்கும்போது சோதனைக்குக் காத்திருந்தார்கள்.

ஆற்றுத் தண்ணீரில் இயல்பாகவே குளோரைடு அதிகம், குளிர்காலச் சாலைகளில் கொட்டும் உப்பு கரைந்து வருவது அதில் சேரும். அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஈ.கோலி கிருமி தென்பட்டது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள், குளோரினைக் கூட்டினார்கள். குளோரின் ஆற்று நீரின் கரிமப் பொருளோடு சேர்ந்து ட்ரைஹாலோமீத்தேன் என்ற புற்றுநோய் ஐயமுள்ள சேர்மங்களை வரம்புக்கு மேல் உண்டாக்கியது. கரிமப் பொருளை வடிக்க ஃபெரிக் குளோரைடைக் கூட்டினால் குளோரைடு இன்னும் ஏறும், அரிப்பு இன்னும் கூடும். அரிக்கப்பட்ட இரும்புக் குழாய் குளோரினைத் தின்றுவிடும், கிருமி மறுபடி வரும். ஒரு ஓட்டையை அடைக்க எடுத்த மண் அடுத்த ஓட்டையைத் தோண்டியது.

துருவைப் படித்தவர்கள்

என்ஜின் ஆலையில் இது முதலில் தெரிந்ததில் வியப்பில்லை. அங்கே தண்ணீர் ஒரு மூலப்பொருள். பாகங்களைக் கடையும்போது குளிர்விக்கவும் கழுவவும் அது வேண்டும். தரத்தில் சிறு மாற்றம் வந்தாலும் எங்கே தவறு என்று தேட அங்கே ஆளும் கருவியும் உண்டு. துரு கண்ணுக்குத் தெரிந்ததும் காரணம் தேடினார்கள், வேறு குழாயைக் கேட்டார்கள், வாங்கினார்கள்.

நகராட்சியும் மாநிலமும் சொன்ன பதில், ஆலையின் தேவை வேறு, குடிக்கும் தேவை வேறு என்பது. இந்தப் பதிலைப் பலர் கேலி செய்திருக்கிறார்கள். நான் அவ்வளவு எளிதாகத் தள்ளமாட்டேன். குளோரைடுக்கு அமெரிக்க விதிகள் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம், அதுவும் சுவையை ஒட்டிய பரிந்துரை மட்டுமே. பிளின்ட் தண்ணீர் அதற்குள்தான் இருந்தது. குளோரைடு மனிதனைக் கொல்லாது என்ற அளவில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் இரும்பை இப்படித் தின்னும் தண்ணீர், போகும் வழியில் ஆயிரக்கணக்கான வீடுகளின் காரீயக் குழாயை என்ன செய்யும் என்ற அடுத்த கேள்வி வரவில்லை. நீரியல் படித்த எவருக்கும் வந்திருக்க வேண்டிய கேள்வி அது. குடிக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் தேடியவர்கள், தண்ணீர் எதை அரிக்கிறது என்று கேட்கவில்லை.

முற்றிலும் கேட்காமலும் இல்லை. ஆலையின் அறிவிப்பு வந்த மறுநாளே ஆளுநர் அலுவலகத்தின் சட்ட ஆலோசகர்கள், பிளின்ட்டை டெட்ராய்ட் தண்ணீருக்குத் திருப்புவது அவசரம் என்று தங்களுக்குள் மின்னஞ்சல் எழுதிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் பிளின்ட்டில் வளர்ந்தவர், தாயார் அப்போதும் அங்கேதான் இருந்தார். செலவு அதிகம் என்ற பதிலோடு பேச்சு அடங்கியது.

2015 ஜனவரியில் ட்ரைஹாலோமீத்தேன் பற்றிய நோட்டீஸ் வீடுகளுக்கு வந்தபோது, பிளின்ட்டில் உள்ள மாநில அரசு அலுவலகத்துக்குக் கேன் தண்ணீர் வந்து இறங்கியது. அதே மாதம் மறு இணைப்புக் கட்டணம் இல்லாமலே தண்ணீர் தருகிறோம் என்று டெட்ராய்ட் முன்வந்தது. அவசர நிர்வாகி மறுத்தார். மார்ச்சில் நகர்மன்றம் 7க்கு 1 என்ற வாக்கில் டெட்ராய்ட்டுக்குத் திரும்பத் தீர்மானித்தது. அதையும் அவர் தள்ளினார். மாவட்டம் முதலிலேயே வரவில்லை, ஆலை போயிற்று, அரசு ஊழியர்களுக்குக் கேன். போக இடம் இருந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். வீட்டை விற்றுப் போகலாம் என்றால் யார் வாங்குவார்? கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிப்பு.

வீடுகளில் சான்று சேர்ந்துகொண்டிருந்தது. ஒரு தாய் தன் குழாயில் வரும் செம்பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டங்களுக்குக் கொண்டுபோனார். 2015 மார்ச்சில் அவர் வீட்டில் காரீயம் 397 பிபிபி (நூறு கோடிப் பங்கில் இத்தனை பங்கு என்று பொருள், நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு 15). வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு பிறகு அங்கே எடுத்த ஒரு மாதிரியில் 13,200. அமெரிக்க விதிப்படி 5,000ஐத் தாண்டினாலே அது நச்சுக் கழிவு. அரிப்புத் தடுப்பே நடக்கவில்லை என்று மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் மிகல் டெல் டோரல் ஜூனில் எழுதிய குறிப்பும் அமுங்கிப்போனது. 2015 செப்டம்பர் 24 அன்று குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரத்தப் பரிசோதனைக் கணக்கை வெளியிட்டார். இரத்தத்தில் காரீயம் மிகுந்த குழந்தைகளின் விழுக்காடு தண்ணீர் மாறிய பிறகு ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறியிருந்தது. அதிகாரிகள் முதலில் அவர் கணக்கே தவறு என்றார்கள், சில நாளில் தங்கள் கணக்கும் அதையே சொல்வதைக் கண்டார்கள். மூன்றே வாரத்தில் குழாய் டெட்ராய்ட்டுக்குத் திரும்பியது.

அதற்குள் லெஜியோனேர் என்ற நுரையீரல் தொற்றில் குறைந்தது 12 பேர் இறந்திருந்தார்கள். குளோரின் தீர்ந்துபோய்த் தேங்கிய வெதுவெதுப்பான நீரில் வளரும் கிருமி அது.

குழாய்க் கணக்கு

ஜெனரல் மோட்டார்ஸ் குற்றவாளியா? சட்டப்படி இல்லை. தன் ஆலையைக் காத்துக்கொண்டது, காரணத்தைப் பகிரங்கமாகவும் சொன்னது. ஆலைக்குள் தண்ணீர் கெட்டது என்று சொன்ன நிறுவனம் தன் தொழிலாளிகள் வீட்டுக்குப் போய்க் குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் இரண்டு சொல் சேர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது உண்டு. பெருத்த குழாய் வலை, சுருங்கிய ஊர், புறநகர்க் கோடு என்ற மூன்றையும் அது வளர்ந்த விதமும் விலகிய விதமும் விட்டுச்சென்றன. அவற்றுக்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்கு இல்லை.

மற்றவர்கள் மீது வழக்குகள் நடந்தன. மக்களுக்கான இழப்பீடு 62.6 கோடி டாலர் என்று 2021 நவம்பரில் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதில் 60 கோடி மாநில அரசின் பங்கு. முன்னாள் ஆளுநர் ரிக் ஸ்னைடர் உட்பட அதிகாரிகள் மீது போட்ட குற்ற வழக்குகள், குற்றம் சாட்டிய முறை செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னதும் சரிந்தன. யாரும் சிறைக்குப் போகவில்லை.

எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் போகிறது என்று தேடியபோது நகராட்சியில் கிடைத்தவை பென்சிலில் எழுதிய ஆயிரக்கணக்கான பழைய அட்டைகள். பல அழிந்திருந்தன, பல பொய் சொன்னதைத் தோண்டிய பிறகு கண்டார்கள். ஏறக்குறைய 11 ஆயிரம் காரீய இணைப்புகளை மாற்றி முடித்துவிட்டதாக 2025 ஜூலையில் மாநிலம் அறிவித்தது.

2018 ஏப்ரலில் நடந்த இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. மிச்சிகனின் வேறொரு பகுதியில் நெஸ்லே நிறுவனம் பாட்டில் தண்ணீருக்காக நிமிடத்துக்கு 400 காலன் நிலத்தடி நீரை இறைக்க மாநிலம் அனுமதித்தது. ஆண்டுக் கட்டணம் 200 டாலர். பிளின்ட் மக்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த பாட்டில் தண்ணீரை நிறுத்துவதாகவும் அதே மாநிலம் சொன்னது.

2017 நவம்பரில் பிளின்ட் நகர்மன்றம், டெட்ராய்ட் அமைப்பின் வாரிசான கிரேட் லேக்ஸ் நீர் ஆணையத்தோடு 30 ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தது. எந்தச் சொந்தக் குழாய் வரும்வரை ஆற்றுத் தண்ணீரைக் குடித்துச் சமாளிப்போம் என்று பொத்தானை அழுத்தினார்களோ, அந்தக் கரெக்னான்டி குழாய் கட்டி முடிந்து மாவட்டத்துக்கு ஓடுகிறது. அதற்காக வாங்கிய கடன் பத்திரத்தில் பிளின்ட்டின் பங்கு அப்படியே நிற்கிறது.